பழைய துறைமுக நிலத்தில் ஆற்றங்கரைக் குடியிருப்பு: தரைமட்டத்தை எங்கே வைப்பது?

கரைவரைவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஹாம்பர்க்கில் கட்டடக்கலை முதுகலை படிக்கும் மாணவி. இந்தப் பருவத்தின் வடிவமைப்புப் பாடத்துக்கு எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் இடம், எல்பே ஆற்றின் தென்கரையில் உள்ள கிராஸ்புரூக் என்ற பழைய துறைமுகப் பகுதி. கிடங்குகளும் சரக்கு இரயில் பாதைகளுமாக இருந்த அந்த நிலத்தில் ஏறத்தாழ 3,000 வீடுகளும் 16,000 பணியிடங்களும் கொண்ட புதிய நகர்ப்பகுதியை அமைக்க நகர நிர்வாகம் திட்டமிட்டுள்ளது. அதற்கான வடிவமைப்புப் போட்டியில் ஹெர்சோக் - டி மியூரான் நிறுவனமும் வோக்ட் நிலக்காட்சி நிறுவனமும் 2020இல் வென்றன. எங்கள் பயிற்சிக்கு அதில் ஒரு சிறிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்: வடக்கே ஆறும் துறைச்சுவரும், தெற்கே புதிய தெரு, இடையே சுமார் 200 வீடுகள்.

எதிர்க்கரையில் பழைய துறைமுக நிலத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி என்ற புதிய நகர்ப்பகுதியை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு சொல்லியிருக்கிறார்கள். அங்கே சென்று பார்க்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தில்தான் என் கண் நிற்கிறது. நீரோரத்தில் உள்ள நடைபாதை தாழ்வாக இருக்கிறது. தெருவும் வீடுகளும் அதைவிட மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயர வேறுபாட்டை எங்கள் மனையில் எப்படிக் கையாள்வது என்பதுதான் என் முதன்மையான கேள்வி. முழு மனையையும் மண் கொட்டி உயர்த்துவதா, கட்டடங்களை மட்டும் பீடத்தின் மேல் நிறுத்துவதா? நிலத்தடியில் என்ன கழிவு கலந்திருக்கும் என்று தெரியாத இடத்தில் வாகன நிறுத்தத்தைக் கீழே தோண்டி வைப்பது சரியாகுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் குழுவில் உள்ள மற்ற இருவரும், ஆற்றுக்கு இணையாக நீளமான ஒரே கட்டடத்தை வைத்தால் எல்லா வீடுகளுக்கும் ஆற்றுக் காட்சி கிடைக்கும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் பின்னால் வரப்போகும் தெருக்களுக்கு அது ஒரு மதிலாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காட்சி என்ற ஒற்றைக் காரணத்துக்கு எதிராக வைக்க என்னிடம் வலுவான வாதம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலமட்டம்

வணக்கம் தங்கை. நான் மண் மற்றும் அடித்தளப் பொறியாளன். வடஜெர்மனியில் துறைமுக நிலங்களில்தான் என் வேலையின் பெரும்பகுதி. கேள்வியைச் சரியான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். இத்தகைய மனைகளில் தரைமட்டம் முடிவாகாமல் எந்தத் தளப்படத்தையும் வரைந்து பயனில்லை.

முதலில் நீர்மட்டங்களைப் பார்ப்போம். ஹாம்பர்க் கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் எல்பேயில் கடல் ஏற்றவற்றம் முழுமையாக வந்து சேர்கிறது. அன்றாட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்றரை மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. வழக்கமான ஏற்ற நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2 மீட்டர். வடமேற்குப் புயல் வட கடலின் நீரை ஆற்று முகத்துவாரத்துக்குள் தள்ளும்போது நிலைமை வேறாகிறது. 1962 பிப்ரவரி வெள்ளத்தில் நீர் 5.70 மீட்டருக்கு ஏறியது. அணைகள் உடைந்து ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். 1976 ஜனவரியில் 6.45 மீட்டர், 2013 டிசம்பரில் 6.09 மீட்டர். 1962இல் அத்தனை உயிர்கள் போன நகரம் 1976இல் அதைவிட உயர்ந்த நீரைத் தாங்கியதற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் அணைகளை உயர்த்தியதே காரணம். இந்த நான்கு எண்களையும் உங்கள் குறுக்குவெட்டுப் படத்தில் கோடுகளாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஃபன்சிட்டி அமைந்த நிலம் நகரத்தின் முதன்மை வெள்ள அணைக்கு வெளியே, ஆற்றுப் பக்கமாக இருக்கிறது. அதைச் சுற்றிப் புதிய அணை கட்டியிருக்கலாம். ஆனால் அணை முழுவதும் முடியும்வரை முதல் வீட்டைக் கூடக் கட்டத் தொடங்க முடியாது, கட்டி முடித்தபின் நீர் கண்ணுக்கும் படாது. எனவே வடகடற்கரை விவசாயிகள் வீட்டை மண்மேட்டின் மேல் கட்டும் பழைய வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். தெருக்களும் கட்டடப் பீடங்களும் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8 முதல் 9 மீட்டருக்கு உயர்த்தப்பட்டன. துறைச்சுவரை ஒட்டிய நடைபாதைகள் மட்டும் பழைய மட்டத்திலேயே, சுமார் 4 முதல் 5.5 மீட்டரில் விடப்பட்டன. 2013இல் வந்தது போன்ற நீர் வந்தால் 5 மீட்டரில் உள்ள நடைபாதை மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும். வீட்டு வாசலை எட்டாது.

இப்போது மண். உயர்த்துவது என்றால் மணலைக் கொட்டிச் சமப்படுத்துவது என்று மாணவர்கள் எளிதாக நினைத்துவிடுகிறார்கள். மூன்றரை மீட்டர் நிரப்பு மணல் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு டன்னுக்கு மேல் எடை தரும். அது ஐந்து, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் எடைக்குச் சமம். வீடு வருவதற்கு முன்பே அந்த எடை வந்துவிடுகிறது. எல்பே பள்ளத்தாக்கில் மேலே பழைய துறைமுக நிரப்பும், அதன் கீழே மென்மையான களியும் மக்கிய தாவர அடுக்கும், அதற்கும் கீழேதான் உறுதியான மணலும் இருக்கின்றன. அந்த மென்மையான அடுக்கு நிரப்பின் எடையில் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். உங்கள் கட்டடம் பைல்களில், அதாவது கீழே உறுதியான மணல்வரை இறக்கிய ஆழ்தூண்களில், உறுதியாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள தெரு இறங்கும். இறங்கும் மண் பைல்களைப் பக்கவாட்டில் பற்றிக் கீழே இழுப்பதால் அந்தச் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கழிவுநீர்க் குழாய் விரிசல் விடும் இடமும் அதுதான். நெகிழும் இணைப்பு வேண்டும், வாசற்படியும் பின்னால் சரிசெய்யத்தக்கதாக இருக்க வேண்டும். அண்டை நகரம் ஒன்றில் ஒரு குடியிருப்பின் நுழைவாயிலைப் பார்த்திருக்கிறேன்: கட்டி முடித்தபோது தெருவோடு சமமாக இருந்த வாசல், இப்போது உள்ளங்கை அகல உயரத்துக்குப் படியாக நிற்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த உள்ளங்கை அகலம் போதும், உள்ளே வர முடியாமல் போவதற்கு.

துறைச்சுவரை மறக்க வேண்டாம். அது ஏற்கெனவே தன் பின்னால் உள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. அதன் முதுகில் மேலும் மூன்று மீட்டர் ஏற்றினால் சுவர் ஆற்றுப் பக்கம் நகரப் பார்க்கும். எனவே உயர்த்தப்பட்ட மட்டம் சுவரிலிருந்து போதுமான தூரம் பின்வாங்கியே தொடங்க வேண்டும். அந்தப் பின்வாங்கல் பகுதிதான் உங்கள் தாழ்ந்த நடைபாதை. அங்கே அது அழகுக்காக மட்டும் இருக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் வரைவதும் எளிதாகும்.

மாசு பற்றிக் கேட்டீர்கள். எதிர்க்கரையில், ஹாஃபன்சிட்டிக்குள் இருக்கும் பெரிய கிராஸ்புரூக் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலக்கரி வாயு ஆலை எழுந்தது. வீடு வருவதற்கு முன் அந்த மண்ணைச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. வாயு ஆலை நிலத்தில் தோண்டினால் என்ன வரும் என்பதை ஒருமுறை பார்த்தவர்களால் மறக்க முடியாது. தார் கலந்த கறுப்பு மண் நாப்தலின் உருண்டை வாசனையுடன் வரும். சில இடங்களில் மண் கட்டி உடையும்போது உள்ளே பளிச்சென்ற நீலம் தெரியும். வாயுவைச் சுத்திகரிக்கப் பயன்படுத்திய இரும்புத் தாதுவில் சயனைடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. உங்கள் மனை கிடங்கும் இரயில் பாதையும் இருந்த இடம் என்றால் எண்ணெய், கன உலோகங்கள், தண்டவாளக் கட்டைகளில் ஊறிய தார் எண்ணெய் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். மண்ணை எடுத்து அகற்றுவது ஒரு வழி. சுத்தமான மண்ணால் மூடி, மழைநீர் கீழே இறங்காமல் தடுப்பது இன்னொரு வழி. வெள்ளத்துக்காக எப்படியும் மணல் கொட்டி உயர்த்தப் போகிறீர்கள் என்பதால் அந்த மணலே மூடுபடலமாகவும் வேலை செய்யும். நிலத்தடி வாகன நிறுத்தத்தை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதும் இதிலிருந்தே விளங்கும்: தோண்டி எடுக்கும் ஒவ்வொரு லாரி மண்ணையும் சோதித்து, வகை பிரித்து, உரிய கிடங்குக்கு அனுப்பக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். பைல் மென்களி அடுக்கைத் துளைத்துச் செல்லும்போது, மேலே உள்ள மாசு கீழ் மணலில் உள்ள நிலத்தடி நீருக்கு இறங்க ஒரு வழி திறந்துவிடக்கூடும். பைல் வகையை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மக்கிய அடுக்கிலிருந்து மீத்தேன் வாயு வரும் என்பதால், தரைப்பலகையின் கீழ் வாயு வெளியேறும் சரளை அடுக்கு வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இந்தத் துறைமுகம் கடுமையாகக் குண்டுவீசப்பட்டது. வெடிக்காத குண்டுகளுக்கான சோதனை முடியாமல் ஒரு பைலையும் இறக்க விடமாட்டார்கள்.

குறுக்குவெட்டு

நிலமட்டம் ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, கட்டடங்களின் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் குடியிருப்புக் கட்டடங்களை வடிவமைக்கும் கட்டடக்கலைஞர். ஆற்றங்கரை மனைகளில் சில வேலைகள் செய்திருக்கிறேன்.

உங்கள் குழுவினரின் நீளக் கட்டடத்துக்கு எதிரான வாதம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மனைக்கு வடக்கே ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாஃபன்சிட்டியில் கெய்சர்காய் போன்ற இடங்களில் தெற்குப் பக்கமும் நீர் இருப்பதால் காட்சியும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன. அங்கே பால்கனியை நீரை நோக்கித் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் எதிர்க்கரையில் இருக்கிறீர்கள். உங்களுக்குக் காட்சி வடக்கே, வெயில் தெற்கே. எதிர்க்கரையின் அமைப்பை அப்படியே நகலெடுத்தால் ஆற்றைப் பார்க்கும் வரவேற்பறைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நேரடி வெயிலே கிடைக்காது.

நிழலையும் கணக்கிடுங்கள். ஹாம்பர்க் 53.5 பாகை வடக்கில் இருப்பதால் டிசம்பர் நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 பாகைதான் எழும். 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் அப்போது 85 மீட்டருக்கு மேல் நீளும். ஆற்றுக்கு இணையான ஒரே கட்டடம் வைத்தால் அந்த நிழல் முழுவதும் பொதுமக்களின் நடைபாதை மேல் விழும். குளிர்காலம் முழுக்க அங்கே யாரும் அமர மாட்டார்கள். 200 குடும்பங்களின் காட்சிக்காக ஒரு நகரத்தின் கரையை இருட்டாக்குவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. இதை நண்பகல் நிழல் படமாக வரைந்து குழுவினருக்குக் காட்டுங்கள். அதற்கு மேல் விவாதம் வேண்டியிருக்காது.

கட்டடங்களை ஆற்றுக்குச் செங்குத்தாக, மூன்று அல்லது நான்கு தனித்தனி வரிசைகளாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் வீடுகள் கிழக்கையும் மேற்கையும் நோக்கும். காலை வெயிலோ மாலை வெயிலோ எல்லோருக்கும் உண்டு. ஆறு நேராகத் தெரியாது, சாய்வாகத் தெரியும். சுவரிலிருந்து சற்று வெளியே நீட்டிய மூலைச் சன்னல் இருந்தால் அந்தச் சாய்ந்த காட்சியே மிக நன்றாக இருக்கும். படகு வருவதும் போவதும் நேர்க்காட்சியைவிட அதில் நெடுநேரம் தெரியும். வரிசைகளுக்கு இடையே உள்ள முற்றங்கள் வழியே பின்தெருவில் நடப்பவரும் ஆற்றைப் பார்க்கலாம். ஆற்று முனையில் மட்டும் வடக்கும் தெற்கும் திறந்த, முன்னிருந்து பின்வரை நீளும் வீடுகளை வையுங்கள். அவற்றில் உணவுக்கூடம் தெற்கிலும் அமரும் இடம் வடக்கிலும் வரலாம்.

முற்றங்களின் வடக்கு முனைதான் மட்டங்கள் சந்திக்கும் இடம். முற்றம் 8.5 மீட்டரில் இருக்கிறது, நடைபாதை 5 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். இங்குள்ள விதிப்படி சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 6 சதவீதத்துக்கு மேல் சரியக்கூடாது. 6 மீட்டருக்கு ஒரு முறை ஓய்வுத் தட்டு வேண்டும். எல்லாம் சேர்த்துச் சாய்தளம் 70 மீட்டருக்கு மேல் போகும். அதைக் கடைசியில் மூலையில் மடித்துச் செருகினால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். தொடக்கத்திலேயே அதை முதன்மைப் பாதையாக எண்ணி, பீடத்தின் முகப்பை ஒட்டி மெல்ல இறங்கவிட்டு, அதன் ஓரத்தில் அமரும் படிகளை வையுங்கள். எதிர்க்கரையின் மாகெல்லன் படித்துறையைப் பாருங்கள். மேல் மட்டத்திலிருந்து நீர்வரை படிப்படியாக இறங்கும் அந்த அமைப்பில், உயர வேறுபாடே மக்கள் உட்காரும் இடமாகிவிட்டது. சான்ட்டோர் துறையில் மிதவைகள் நீரோடு ஏறி இறங்குவதால், அதே பாலம் ஒரு வேளை சமமாகவும் இன்னொரு வேளை செங்குத்தாகவும் இருப்பதையும் கவனியுங்கள்.

கெய்சர்காய்வாசி

நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல. ஹாஃபன்சிட்டியில் நீரோரக் கட்டடம் ஒன்றில் குடும்பத்துடன் குடியிருக்கிறேன். குடியிருப்பவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. பீடத்துக்குள் இருக்கும் வாகன நிறுத்தத்தின் ஆற்றுப் பக்கக் கதவுகளைக் கட்டட நிர்வாகம் மூடும். கனமான உலோகக் கதவு, ஓரங்களில் தடித்த ரப்பர் பட்டை. கீழ் நடைபாதையில் உள்ள உணவகத்தார் நாற்காலிகளை மேலே ஏற்றுவார்கள். நீர் வந்து நடைபாதையை மூடும்; மேலே தெருவில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உள்ள பழைய கிடங்கு நகரம் உயர்த்தப்படாத மட்டத்தில் இருப்பதால், நகர மையத்துக்குச் செல்லும் வழியில் நீர் நின்றாலும் கிப்பெல்ஸ்டேக் பாலத்தின் மேல் மட்டம் வழியாக ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வந்துபோக முடியும். கட்டடத்தை மட்டும் உயர்த்திவிட்டு, அதற்கு வந்து சேரும் வழியை உயர்த்தாமல் விட்டால், உள்ளே இருப்பவர்கள் நனையாமல் சிறைப்பட்டிருப்பார்கள். முதியவர்களோடு வாழும் எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது.

துறைமுகத்தின் சத்தத்தை யாரும் குறிப்பிடவில்லை. இரவிலும் கப்பல் எந்திரங்களின் ஆழ்ந்த ஒலி இருந்துகொண்டே இருக்கும். கொள்கலன் இறங்கும் மோதல் ஒலியும் வரும். அதற்காக இங்குள்ள படுக்கையறைகளில் சிறப்புச் சன்னல் அமைப்பு உண்டு. பாதி திறந்து வைத்தாலும் உள்ளே இரவில் 30 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையில் அது வடிவமைக்கப்பட்டது. சன்னலை முழுக்க மூடிவிட்டு எந்திரக் காற்றோட்டத்தில் உறங்குவதும், காற்று வரச் சன்னலைத் திறந்து உறங்குவதும் ஒன்றல்ல. உங்கள் மனையில் துறைமுகம் தெற்கிலும் மேற்கிலும் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் வெயில் வரும் பக்கமே சத்தம் வரும் பக்கமாகவும் இருக்கும். படுக்கையறையை எங்கே வைப்பீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள்.

பால்கனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் மிக அழகாகத் தெரியும், முழுக்க வெளியே நீட்டிய பால்கனியில் காற்றின் வேகத்தால் ஆண்டில் பெரும்பகுதி உட்கார முடிவதில்லை. துணி காயப்போட்டால் பறந்துவிடும். மூன்று பக்கமும் சுவருள்ள, உள்வாங்கிய பால்கனி வைத்திருக்கும் அண்டை வீட்டார் மார்ச்சிலேயே அங்கே தேநீர் குடிக்கிறார்கள்.

நகர்த்திட்டம்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பீடத்துக்குள் வாகன நிறுத்தம் வைப்பது இயல்பான தீர்வு என்பது போல இந்த இழை போய்க்கொண்டிருப்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது. பீடத்தின் ஆற்று முகப்பு முழுவதும் வாகனக் கூடத்தின் சுவராக இருந்தால், நடைபாதையில் செல்பவர் ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் காற்றோட்டக் கம்பி வலையையுமே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டியபின் அந்தப் பக்கம் பெண்கள் தனியே வரத் தயங்குவார்கள். ஹாஃபன்சிட்டியின் முக்கியமான இடங்களில் தரைத்தளத்தின் உயரம் குறைந்தது 5 மீட்டர் இருக்க வேண்டும், பின்னாளில் கடையாகவோ பொதுப் பயன்பாட்டுக்கோ மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நகரம் கேட்டது. அந்தச் சிந்தனையைக் கீழ் மட்டத்துக்கும் கொண்டுவாருங்கள். நனைந்தால் கெடாத பயன்பாடுகள் உண்டு: படகுச் சங்கத்தின் கிடங்கு, மிதிவண்டி பழுதுபார்க்கும் பட்டறை, ஓடு பதித்த சுவரும் எளிதில் கழற்றும் தளபாடங்களும் உள்ள தேநீர்க்கடை. மின்பலகையைக் கூரையை ஒட்டி வைத்துவிட்டால் நீர் வடிந்தபின் கழுவித் திறந்துவிடலாம். வாகனங்களைக் குறைத்து, பீடத்தின் தெருப்பக்கப் பாதியில் மட்டும் வையுங்கள்.

யார் குடியிருக்கப் போகிறார்கள் என்ற கேள்வியும் வடிவமைப்புக்குள் அடங்கும். ஹாஃபன்சிட்டியின் தொடக்க காலக் கட்டங்களில் நீரோர வீடுகளில் பெரும்பாலானவை வசதி படைத்தவர்களுக்கே கிடைத்தன. பின்னர், ஏறத்தாழ 2011 முதல், வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு மானிய வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. நிலத்தை விற்கும் முறையிலும் நகரம் கவனமாக இருந்தது. அதிக விலை சொன்னவருக்கு மட்டும் என்றில்லாமல், திட்டத்தின் தரத்துக்கு 70 சதவீதமும் விலைக்கு 30 சதவீதமும் மதிப்பெண் கொடுத்தார்கள். தேர்வானவருக்கு உடனே பட்டா கிடையாது. வடிவமைப்புப் போட்டி நடத்தி, அனுமதி பெற்று, வேலைக்குத் தயாரான பிறகே நிலம் அவர் பெயருக்கு மாறும். இடையில் வாக்கு மாறினால் நிலம் நகரத்திடமே இருக்கும். ஒரு கட்டடக்கலைஞரின் நல்ல நோக்கம் கட்டுமானம் வரை பிழைத்திருப்பது பெரும்பாலும் இத்தகைய நடைமுறையால்தான்.

குறுக்குவெட்டு அவர்கள் சொன்ன செங்குத்து வரிசைகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆற்று முனை வீடுகள் விலை உயர்ந்தவையாகவும் தெருமுனை வீடுகள் மானிய வீடுகளாகவும் பிரிந்துவிடும். ஒரே படிக்கட்டில் இரு வகையும் கலந்து வருமாறு அமையுங்கள். முற்றத்துக்கு வேலி போட வேண்டாம்.

இந்த நிலங்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. இன்று லோசெ பூங்கா இருக்கும் இடத்தில் ஹானோவர் இரயில் நிலையம் இருந்தது. நாஜி ஆட்சியில் 8,000க்கும் மேற்பட்ட யூதர்களும், ரோமானி இனத்தவரான சிந்தி, ரோமா மக்களும் அங்கிருந்துதான் வதைமுகாம்களுக்கும், மக்களை அடைத்துவைத்த கெட்டோக்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2017இல் திறக்கப்பட்ட நினைவிடத்துக்காகப் பழைய பாதையின் தடம் பூங்காவின் குறுக்கே அப்படியே பள்ளமாக விடப்பட்டிருக்கிறது. சுற்றிலும் அவ்வளவு நிலம் உயர்த்தப்பட்டபோதும் அந்த ஒரு கோடு பழைய மட்டத்தில் நிற்கிறது. உங்கள் மனையிலும் உயர்த்தும் முன், அங்கே எது இருந்தது, எதைப் பழைய மட்டத்திலேயே விட வேண்டும் என்று ஆவணங்களில் தேடிப் பாருங்கள்.

கரைவரைவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்கு, தெற்கு என்று நானே எழுதிய சொற்களின் விளைவை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. நிழல் படத்தை வரைந்து குழுவினருக்குக் காட்டினேன். செங்குத்து வரிசைகளுக்கு மாற ஒப்புக்கொண்டார்கள்.

கெய்சர்காய்வாசி அக்கா கேட்ட படுக்கையறைக் கேள்விக்கு இப்படி யோசித்திருக்கிறேன்: மேற்கு நோக்கிய முகப்பில் படுக்கையறை வராது, அங்கே கண்ணாடியால் மூடித் திறக்கும் உள்வாங்கிய பால்கனியும் சமையலறையும் வரும். படுக்கையறைகள் கிழக்கே, முற்றத்தை நோக்கி. தெற்குத் தெருவை ஒட்டி அலுவலகங்களும் பட்டறைகளும் கொண்ட தாழ்வான கட்டடம் ஒன்றை வைத்தால் முற்றங்களுக்குள் சத்தம் நுழைவது குறையும். ஆனால் அது முற்றங்களை மூடிவிடாதா, பின்தெருவிலிருந்து ஆறு தெரிய வேண்டும் என்ற எண்ணத்தைக் கெடுத்துவிடாதா என்று தயங்குகிறேன். மரங்களைப் பற்றியும் சந்தேகம் இருக்கிறது: பீடத்தின் மேல் மரம் வளருமா, நடைபாதையில் நடலாமா?

குறுக்குவெட்டு

படுக்கையறை முடிவு சரியானது. தெற்குக் கட்டடத்தைத் தொடர்ச்சியாக வைக்காமல், முற்றத்தின் அச்சில் மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு வாயில் விடுங்கள். அந்த வாயிலை நேர்கோட்டில் வைக்காமல் சற்றே விலக்கி, உட்பக்கச் சுவர்களில் ஒலி உறிஞ்சும் பொருள் பதித்தால் நடப்பவருக்கு ஆறு தெரியும், சத்தத்தின் பெரும்பகுதி வெளியே நிற்கும். தெற்குக் கட்டடம் இரண்டு, மூன்று மாடிக்கு மேல் போகக்கூடாது; போனால் முற்றத்தின் வெயிலை நீங்களே தடுத்தவராவீர்கள்.

மரங்களுக்கு இடம் வாகனக் கூடத்தின் கூரை அல்ல. அங்கே ஒரு மீட்டர் மண் வைத்தாலும் புதர்களும் சிறு மரங்களும்தான் நிலைக்கும். ஒவ்வொரு முற்றத்தின் நடுவிலும் கீழே கூடம் வராத ஒரு பட்டையை விட்டு, அங்கே நிரப்பு மணலுக்கு மேல் ஆழமான நல்ல மண் போடுங்கள். பெரிய மரம் அங்கே வேரூன்றும். மூடுபடலத்தின் அடியில் உள்ள மாசு மண்ணுக்கு வேர் போகாத ஆழம் இருக்கிறதா என்பதை மட்டும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலமட்டம்

ஆழம் இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மரங்களுக்குப் போதும். கீழே ஒரு சரளை அடுக்கும் எச்சரிக்கைத் துணியும் விரித்துவிட்டால் பின்னாளில் குழி தோண்டுபவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். நடைபாதையில் நடுவதற்கு முன் துறைச்சுவரின் பழைய வரைபடங்களைத் துறைமுக நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். பல சுவர்களைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் நங்கூரக் கம்பிகள் நடைபாதையின் அடியில் பல மீட்டர் தூரம் சரிவாகச் செல்லும். அவை எங்கே, எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதைக் குறுக்குவெட்டில் வரைந்தபின் மரக்குழிகளைக் குறியுங்கள். கம்பிகளின் இடைவெளி ஒழுங்காக இருக்கும் என்பதால் மரங்களின் வரிசையும் அந்த ஒழுங்கிலேயே அமைந்துவிடும். படம் தயாரானதும் இங்கே பதிவிடுங்கள் தங்கை. பைல்களின் இடங்களையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.